அப்டேட் முடிகிற வரை மச்சான் வாசலில்

கணினி எதைக் கேட்டாலும் ‘சரி’ என்று அமுக்கிவிடுகிற ஆள் நான். நிபந்தனைகளைப் படித்துவிட்டீர்களா என்று கேட்கும், படித்துவிட்டேன் என்பேன். ஒரு கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருஷமாகப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் இப்படிப் பொய் சொல்வது கேவலம்தான். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. என் மகளின் கல்யாணத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம், எட்டு வருஷமாகப் பேசாமல் இருந்த மச்சான் சீர்வரிசையோடு மண்டபத்துக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், லேப்டாப்பில் இருந்த பாட்டு ஆப், ‘புதிய பதிப்பு தயார், இப்போதே நிறுவலாமா?’ என்று கேட்டது. ‘பிறகு’ என்றும் ஒரு பொத்தான் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு ‘சரி’யை அமுக்கினேன்.

அந்த எட்டு வருஷ மௌனத்துக்கும் நானே ஆசிரியர். கள்ளக்குறிச்சியில் வீடு கட்டிக் குடிபோனபோது அழைப்பிதழை நானே எழுதினேன். எங்கள் பக்கத்தில் அழைப்பிதழ் என்பது பெயர்களைப் போடுவதற்கான காகிதம். பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான், அவரவர் ஊர், அவரவர் தொழில், இறந்தவர்களுக்கு முன்னால் ‘தெய்வத்திரு’. விழா நடக்கும் இடம் மூலையில் எங்கேயாவது இருக்கும். நான் பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு, வீடு என்றால் என்ன என்று பன்னிரண்டு வரியில் உரைநடை எழுதிக் கொடுத்தேன். அச்சகக்காரர், “பேருங்க எங்க சார்?” என்று இரண்டு முறை கேட்டார். தேவையில்லை என்று இரண்டு முறை சொன்னேன்.

என் மனைவியின் பெரியண்ணன் கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிறவர். கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற நிலம். அவர் அந்தக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாராம். தன் பெயர் இல்லை. தம்பிகள் பெயரும் இல்லை. மடித்து மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தங்கையோடு பேச்சில்லை. போன வருஷம் என் மனைவியின் நடு அண்ணன் மாரடைப்பில் போனபோது அவள் அந்த வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். அன்றைக்கும் பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவள் மூன்று நாள் என்னோடும் பேசவில்லை. அதில் நியாயம் இருந்தது.

மகள் கல்யாணம் நிச்சயமானதும் உறவினர் ஒருவர் நடந்து நடந்து தூது பேசினார். பெரியவர் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. எங்கள் பக்கத்து வழக்கம் இது: தாய்மாமன் சீர் மேளத்தோடு மண்டப வாசலுக்கு வரும். அங்கே மேளம் நின்றுவிடும். உள்ளேயிருந்து மைக்கில் மாமன்மார் பெயர்களை மூத்தவரிலிருந்து வரிசையாகச் சொல்லி அழைக்க வேண்டும். அழைத்த பிறகுதான் கால் எடுத்து வைப்பார்கள். சில வீடுகளில் இதை ஒப்புக்குச் செய்வார்கள். பெரியவர் அனுப்பிய சேதி, “எல்லா பேரும் வரணும். ஒரு பேரு வுட்டாலும் வண்டியத் திருப்பிடுவேன்.”

திருப்பினால் என்ன ஆகும் என்று யாரும் வீட்டில் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் மணவறையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அதைக்கூட வேறு யாரையாவது வைத்துச் சமாளிக்கலாம். என் மனைவிக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இனி இருக்காது. அதைச் சமாளிக்க வழியில்லை.

மேடை என்றால் எனக்குப் பயம். நாலு பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதியிருக்கிறேன். நாலு பேருக்கு முன்னால் நன்றி சொல்லத் தெரியாது. ஆகவே வரவேற்பை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். மனைவி அடுப்பில் வேலையாக இருந்தபடியே பதினான்கு பெயர்களை வரிசையாகச் சொன்னாள். நான் லேப்டாப்பில் தட்டிக்கொண்டேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, பின்னணியில் நாதஸ்வரம் ஓட, என் குரலிலேயே படித்துப் பதிவு செய்து, அந்தப் பாட்டு ஆப்பில் முதல் வரிசையில் வைத்தேன். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அந்த ஒரு பொத்தானை விட்டு வேறொன்றை அமுக்கினேன் என்பதுதான் விஷயம்.

மணி ஐந்து இருபது. மண்டபத்துக்கு மைக்செட் வைத்திருந்த பாய் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, மிக்ஸர் போர்டிலிருந்து ஒயரை இழுத்து என் லேப்டாப்பில் செருகியிருந்தார். என் வயசுக்காரர். கடைவீதியில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடை அவருடையது. பாட்டையும் தானே பார்த்துக்கொள்வதாகத்தான் முதலில் சொன்னார். “பாட்டை என்னிடம் விடுங்கள் பாய்” என்று நான்தான் பெருந்தன்மையாக மறுத்தேன்.

அப்டேட் நூறு சதவீதம் முடிந்தது. ஆப் புது உடுப்போடு திறந்தது. சோதித்துப் பார்க்க ஒரு நாதஸ்வரத்தைத் தட்டினேன். இருபது விநாடி அருமையாக வாசித்தார்கள். இருபத்தோராவது விநாடியில் வாத்தியம் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டது. அரை விநாடிச் சத்தம் ஒன்று, டர்ர்ர்ரென்று, திரும்பத் திரும்ப, மண்டபத்துக்குள் இருந்த நாலு ஸ்பீக்கர் பெட்டியிலும் வாசலில் கட்டியிருந்த ஹாரன் ஸ்பீக்கரிலும் ஓடியது. திரையில் ஒரு நீல வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மவுஸை நகர்த்தினேன், அம்புக்குறி நகரவில்லை. சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓர் ஆள் எட்டிப் பார்த்தார்.

பாய் எழுந்து வந்து மிக்ஸர் போர்டில் ஒரு குமிழைக் கீழே இழுத்துச் சத்தத்தை அடக்கினார்.

“இன்னா சார் இது, மாவு மில்லு மாதிரி?”

“தொங்கிடுச்சு பாய். ரெண்டு நிமிஷம்.”

கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அமுக்கினேன். நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். அந்தச் சமயத்தில்தான் தூரத்தில் மேளம் கேட்டது. கச்சிராயபாளையம் ரோட்டிலிருந்து திரும்பி, கடைகளைத் தாண்டி, ஒவ்வோர் அடியாகக் கிட்டே வந்தது. மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை வந்தால் இன்னும் அரை மணியில் வரும்.

என் மனைவி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தாள்.

“இன்னாங்க, அண்ணன் வண்டி வந்துடுச்சி. மேளம் கேக்குதுல்ல? ரெடியா?”

“ரெண்டு நிமிஷம்.”

“அஞ்சி நிமிஷமா ரெண்டு நிமிஷம் சொல்லிக்கினு இருக்கீங்களாம். பாய் சொல்றாரு.”

பாய் மேற்கூரையைப் பார்த்தார்.

வாசலில் மேளம் நின்றது. நின்றதுதான் பயங்கரம். அது அடித்துக்கொண்டிருந்தவரை எனக்கு நேரம் இருந்த மாதிரி இருந்தது.

பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டேன். உயிர் வந்தது. வந்தவுடன், நான் கேட்காமலே, பாட்டு ஆப்தான் முதலில் திறந்துகொண்டது. எந்தக் காலத்திலோ, ‘கணினி தொடங்கும்போதே நானும் தொடங்கலாமா?’ என்று அது கேட்டிருக்க வேண்டும். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். நீல வட்டம் சுற்றியது. மொத்த லேப்டாப்பும் மறுபடி விறைத்தது.

“சார்,” என்றார் பாய், குரலைத் தாழ்த்தி. “என்னாண்ட பென் டிரைவ் இருக்கு. தாய்மாமன் பாட்டு மட்டுமே நாப்பது வெச்சிருக்கேன். ஒண்ணத் தட்டி வுடறேன். நீங்க மைக்கப் புடிச்சி பேரை மட்டும் படிச்சிடுங்க. முடிஞ்சிது.”

“லிஸ்ட் உள்ளே இருக்கு பாய்.”

“எதுக்குள்ள?”

லேப்டாப்பைக் காட்டினேன்.

“பேப்பர்ல எழுதலியா சார்? நீங்க லைப்ரரியிலதான வேல பாக்கறீங்க?”

போனை எடுத்துத் தேடினேன். உலகம் முழுக்க, அன்று காலையிலிருந்து, அந்த அப்டேட்டைப் போட்டவர்கள் எல்லாம் அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஒருவர் இணையத்தைத் துண்டித்துப் பார் என்றிருந்தார். துண்டித்து, அணைத்து, போட்டேன். இணையம் இல்லாமலும் அது அதே மாதிரி உறைந்தது. இன்னொருவர், ஆப்பைத் திறந்து அமைப்புகளுக்குள் போய் ஏதோ ஒரு டிக்கை எடுத்துவிட்டால் சரியாகும் என்றிருந்தார். ஆப்பைத் திறந்தால் உறைகிறது. உறையாமல் இருக்க ஆப்பைத் திறக்க வேண்டும். அவருக்கு நானூறு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். எப்படித் திறந்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மாடியிலிருந்து மகள் போன் செய்தாள். அவள் தலையில் யாரோ பூ வைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

“அப்பா, மாமா வந்துட்டாரா?”

“வாசல்ல இருக்கார்மா.”

“உள்ள வந்துட்டாரான்னு கேட்டேன்.”

“வருவார்மா” என்று சொல்லிவிட்டு வைத்தேன். மண்டபத்தின் கதவு முழுக்கத் திறந்திருந்ததால் மேஜையிலிருந்தே வாசல் தெரிந்தது. மினி லாரியின் பின்கதவு திறந்து, அதற்குள் மலையிலிருந்து இறக்கிய பலாப்பழங்கள் ஐந்தாறு. முன்னால் தட்டேந்திய பெண்கள் இரண்டு வரிசையாக. அவர்களுக்கும் முன்னால் பெரியவர், வெள்ளை வேட்டி, கையைக் கட்டிக்கொண்டு. அவர் மண்டபத்தைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு எதிரே தற்செயலாக நின்றவர் மாதிரி.

மணி ஐந்து நாற்பது. ஆறு மணிக்கு எலவனாசூர்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ் வந்துவிடும். அவர்கள் இறங்குகிற இடமும் அதே வாசல்தான். பெண்ணின் தாய்மாமன் அழைப்பாரில்லாமல் வெளியே நிற்கிற காட்சியைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

மனைவி மறுபடி வந்தாள். இந்த முறை ஓடி வரவில்லை, மெதுவாக நடந்து வந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

“துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினாரு.”

“அதனால?”

“அது எங்கண்ணன் கெளம்பறப்ப பண்றது.”

“நீ போய்க் கூப்பிட்டுப் பாரேன்.”

“போனேன். ‘மொறப்படி கூப்புடட்டும்’னாரு. என் மூஞ்சியப் பாக்கல.” பிறகு திரையைப் பார்த்தாள். “இன்னும் அந்த வட்டம்தான் சுத்திக்கினு இருக்குதா?”

மூன்றாவது முறை அணைத்தேன். மூன்று முறை கழுத்தைப் பிடித்து அணைத்தால் கணினிக்கே சந்தேகம் வந்து, பழுது பார்க்கும் நீலத் திரை ஒன்றைக் காட்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். காட்டியது. நான் படித்ததில் அன்று பயன்பட்டது அது ஒன்றுதான். உள்ளே உள்ளே போனால், ‘சேஃப் மோடு’ என்று ஒன்று உண்டு. அவசியமானவற்றை மட்டும் எழுப்பிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் தூங்கவிட்டுக் கணினி திறக்கும். நாலாம் எண்ணை அமுக்கினேன். திரை பெரிய பெரிய எழுத்துகளோடு, கிழட்டுத் தோற்றத்தில் வந்தது. ஆப் வரவில்லை. அம்புக்குறி நகர்ந்தது!

“பாய், வந்துடுச்சு!”

என் பதிவு இருந்த இடத்துக்குப் போனேன். இருந்தது. தட்டினேன். ஓடியது, நேரம் நகர்ந்தது, சத்தம் மட்டும் இல்லை. பாய் குமிழை ஏற்றினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். திரையின் மூலையில் ஒலிபெருக்கிப் படத்தின் மேல் சின்னதாக ஒரு சிவப்புக் குறி. அவசியமானவற்றின் பட்டியலில் ஒலி இல்லை போலும்.

“ஃபைல் கண்ணுக்குத் தெரியுதுல்ல சார்?”

“தெரியுது.”

“அப்புறம் இன்னா? காப்பி பண்ணிக் குடுங்க, நான் என் பொட்டியில போட்டுக்கறேன்.” பென் டிரைவை நீட்டினார்.

இதை அவர் ஐந்தரைக்கே சொல்லியிருக்க முடியாது. அப்போது ஃபைல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்று நினைத்தபடி செருகினேன். பட்டியலும் கண்ணுக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதை மைக்கில் படிக்க எனக்கு வாய் வராது. காப்பி ஆரம்பித்தது. ‘மீதம் நான்கு நிமிடம்’ என்றது. ஐந்து நிமிஷப் பேச்சுக்கு நான்கு நிமிஷக் காப்பி ஏன் என்றால், என் குரலின் நுட்பங்கள் கெட்டுவிடக் கூடாதென்று பதிவு செய்யும்போது இருப்பதிலேயே உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதற்கேற்ற வீக்கத்தில் இருந்தது ஃபைல். பாயின் பென் டிரைவும் நிறைய கல்யாணங்களைப் பார்த்துக் களைத்தது.

மூன்று நிமிடம். பச்சைக் கோடு ஊர்ந்தது. வாசலில் டிரைவர் லாரியின் பின்கதவைச் சாத்தினார். பழத்தின் மேல் மழை படக்கூடாதென்று சாத்தினாரா, கிளம்புவதற்குச் சாத்தினாரா என்று தெரியவில்லை. தட்டேந்திய பெண்களில் இருவர் தட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். இரண்டு நிமிடம். ஒரு நிமிடம் என்றது, பிறகு மனசு மாறி இரண்டு என்றது. எனக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. நாற்பது விநாடி. முடிந்தது. பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினேன்.

மேஜை முனையில் இருந்த மைக்கைக் காணோம்.

என் மனைவி மேடைக்குக் கீழே, வாசலைப் பார்த்தபடி, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மைக்கில் அவள் பேசியதே இல்லை. முதலில் மூச்சு மட்டும் கேட்டது, நாலு பெட்டியிலும், வாசல் ஹாரனிலும்.

“கச்சிராயபாளையத்துலேர்ந்து எம் பொண்ணுக்குச் சீரு கொண்டாந்திருக்கிற எங்க பெரியண்ணன்...” என்று சொல்லி அவர் பெயரைச் சொன்னாள். நிறுத்தவில்லை. “அவரு கூட வந்திருக்கிற எங்க நடு அண்ணன்...” என்று இறந்தவரின் பெயரைச் சொன்னாள்.

பென் டிரைவைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் சமையலறையில் சொன்ன பதினான்கு பெயர்களில் நான் பதிவு செய்தது பதின்மூன்று. இரண்டாவதாக ‘தெய்வத்திரு’ என்று ஒன்று வந்தது மங்கல ஓசைக்கு இடைஞ்சலாக இருந்தது. இறந்தவர் எப்படிச் சீர் கொண்டுவருவார் என்று தர்க்கமும் சேர்ந்துகொண்டது. எழுதுகிறவனுக்கு வெட்டுகிற உரிமை உண்டு என்ற நினைப்பில் வெட்டிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை, சொல்லும்படியான திருத்தமாகவே எனக்குத் தோன்றவில்லை. இப்போது வாசலைப் பார்க்கிறேன்: முன் வரிசையில், நடு அண்ணனின் மனைவி, வெற்று நெற்றியோடு, அவர் பங்குத் தட்டைச் சுமந்துகொண்டு நிற்கிறாள். அவர் பெயருக்கென்றே தனியாக ஒரு தட்டு வந்திருக்கிறது. நான் அரை மணி நேரம் வியர்க்க வியர்க்கப் போராடி மீட்டெடுத்து, கையில் இறுக்கிப் பிடித்திருந்தது, அந்தப் பெயர் இல்லாத பட்டியலை.

அவள் மற்றப் பெயர்களையும் சொன்னாள். சின்னண்ணன், பெரியப்பா மகன்கள், சித்தப்பா மகன்கள், ஒருவர்கூட இடம் மாறாமல். பின்னணியில் நாதஸ்வரம் இல்லை. சொல்லி முடித்துவிட்டு மைக்கை அணைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே, “உள்ள வாண்ணா. எத்தினி நேரம் நின்னுகினு இருப்ப, கால் வலிக்காது?” என்றாள். அது ரோடு முழுக்கக் கேட்டது.

பெரியவர் திரும்பினார். தோளிலிருந்த துண்டை எடுத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துப் பெண்ணிடமிருந்து ஒரு தட்டை வாங்கித் தன் கையில் எடுத்துக்கொண்டார். மேளக்காரர்கள் அதற்காகவே காத்திருந்த மாதிரி அடித்தார்கள். அவர்கள் எல்லோரும் உள்ளே வந்து, பலாப்பழங்களும் வந்து சேர்ந்தபோது ரோட்டு முனையில் மாப்பிள்ளை வீட்டு பஸ் ஹாரன் அடித்தது. கூடவே மழையும் பிடித்துக்கொண்டது.

பாய் என் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். “குடுங்க சார், போட்டுடலாம்.”

“வேணாம் பாய்” என்றேன். ஃபைலை அழித்துவிட்டுத்தான் பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்தேன். உறுதியாக அழிக்கட்டுமா என்று கணினி கேட்டது. அன்று முதல்முறையாக அந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சரி என்று அமுக்கினேன்.

மறுநாள் தாலி கட்டி முடிந்து, மதியப் பந்தியில் மச்சானுக்குப் பக்கத்து இலை எனக்கு வாய்த்தது. காலையில் மணவறையில் அவர் நிற்க வேண்டிய இடத்தில் நின்றார். தங்கையோடு பேசினார், என்னோடும் நாலு வார்த்தை. மனசு நிறைந்து இருந்த நேரம். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். பதிவு செய்ததையும், நடு அண்ணன் பெயரை வெட்டியதையும், அப்டேட் புண்ணியத்தில் அது ஒலிக்காமல் போனதையும், இது என் வாழ்க்கையில் இரண்டாவது முறை என்பதையும், கொஞ்சம் நீளமாகவே, வருத்தத்தோடு சொன்னேன். அவர் பாயசத்தை இலையில் வழித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். எதிரில் பரிமாற வந்தவர்கூட நின்றுவிட்டார்.

“நீங்க ஒரு பேர வுட்டிருந்தாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது மாப்ள,” என்றார், மோருக்குக் கை நீட்டியபடி. “நீங்க பேசறது நம்ம சனத்துக்கு எங்க புரியுது?”